மூணு நாள் டைம்

வெள்ளிக்கிழமை காரைக்குடி பேங்கில் கையெழுத்து போட்டுவிட்டு ஒக்கூர் திரும்பிய அப்பா, ராத்திரி ஹாஸ்டலுக்கு போன் பண்ணினார். "தம்பி, வீட்டை வச்சு வாங்குற இந்தக் கடன் வேண்டாம்னு சொல்லிடலாமா? தூக்கமே வரல."

கூகுள் பண்ணினேன். "மூணு நாள் டைம் இருக்குப்பா!" என்றேன். அப்புறம்தான் பார்த்தேன், அது 1968-ல் வந்த அமெரிக்கச் சட்டம். அங்கேயே குடியிருக்கும் வீட்டின் மேல் வாங்கும் கடனுக்குத்தான் அது. வீடு வாங்குகிற கடனுக்குக் கிடையாது.

இங்கே 2022-ல் ரிசர்வ் வங்கி அப்படி ஒன்று கொடுத்தது, ஆனால் டிஜிட்டல் கடனுக்கு மட்டும். அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். அப்பா நேரில் போய் பேனாவால் போட்டது அதில் வராது.

நமக்கு யோசிக்கிற டைம் கையெழுத்துக்கு முன்னாடிதான். 2024 அக்டோபர் 1-லிருந்து புதுக் கடனுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' தரணும். வட்டி, கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்கணும். குறைந்தது மூணு வேலை நாள் செல்லும்.

"அப்படி ஒண்ணு குடுத்தாங்களாப்பா?"

"செவ்வாக்கிழமையே உனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேனே. இங்கிலீஷ்ல இருந்துச்சு."

மேலே தள்ளிப் பார்த்தேன். இருந்தது. கீழே நான் போட்ட தம்ஸ்-அப்பும்.