சக்கரவர்த்தியின் மதிலுக்குள்ளே ஓர் ஊர்

குரோஷியாவின் கடற்கரை நகரமான ஸ்பிளிற்றில் ஒரு முழு நாள் எனக்கு ஓய்வாகக் கிடைத்தது. உரோமச் சிதைவுகளைப் பொதுவாகக் கம்பிவேலிக்கு அப்பால் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். இங்கோ மாளிகை மதிலில் இருக்கும் ஒரு யன்னலில் இருந்து பெண்ணொருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

இது டயோகிளீசியன் என்ற உரோமச் சக்கரவர்த்தியின் மாளிகை. 305ஆம் ஆண்டு தானாகவே பதவியைத் துறந்த அவர், கடைசிக் காலத்தைக் கழிப்பதற்காகச் சொந்த ஊர்ப்பக்கமான சலோனாவுக்கு அருகில் இதைக் கட்டுவித்தார். ஏறத்தாழ ஒன்பதரை ஏக்கர் நிலம், சுற்றிவரக் கோட்டை மதில். எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் சிலையொன்று முற்றத்தில் இன்னும் படுத்திருக்கிறது. அதன் அருகில் படிக்கட்டில் அமர்ந்து கோப்பி குடித்தேன்.

7ஆம் நூற்றாண்டில் அவார்களும் சிலாவியரும் சலோனாவைத் தாக்கி அழித்தார்கள். அந்நகர மக்கள் முதலில் தீவுகளுக்கு ஓடினார்கள். பின்னர் திரும்பி வந்து, ஆளில்லாமல் கிடந்த இந்த மாளிகைக்குள் புகுந்தார்கள். வசதி படைத்தோர் உள்ளே வீடு கட்டிக்கொண்டார்கள், வேறு சிலர் கோபுரங்களில் இருந்தார்கள், மற்றவர்களுக்கு நிலவறைகள்தான் என்று 13ஆம் நூற்றாண்டில் அவ்வூர்க் குருவானவர் தோமஸ் எழுதிவைத்திருக்கிறார். இடம்பெயர்ந்து போன இடத்திலும் உள்ளவருக்கு ஓர் இடம், இல்லாதவருக்கு ஓர் இடம்! முகாம்களில் வேலை செய்தவர்களுக்கு இது புதினமில்லை. ஆனாலும் அந்த மக்கள் போட்ட வீடுகளில் இருந்துதான் இன்றைய ஸ்பிளிற் நகரம் வளர்ந்தது.

நிலவறைகளுக்குள் இறங்கினேன். நல்ல குளிர். மேலே குடியிருந்தவர்கள் தளத்தில் துளையிட்டு நூற்றாண்டுக்கணக்காகக் குப்பையையும் கழிவுநீரையும் கீழே கொட்டியதால் இவை நிரம்பிப்போயிருந்தன. கடந்த நூற்றாண்டில்தான் பெரும்பகுதியைத் துப்புரவாக்கினார்கள். மேல்மாடி பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆனால் கீழறைகள் அதே அமைப்பில் இருப்பதால், அரசரின் அறைகள் எப்படி இருந்தன என்று அறிய முடிகிறது. குப்பை செய்த காவல் என்றே சொல்லவேண்டும்.

டயோகிளீசியனின் கல்லறை மண்டபம் இன்று தேவாலயம். அவரது ஆட்சியில் 304இல் கொல்லப்பட்ட ஆயர் டொம்னியஸின் பெயரால் அது விளங்குகிறது. சக்கரவர்த்தியின் உடல் அங்கு இல்லை.

அவர் மனைவி பிரிஸ்கா, மகள் வலேரியா ஆகியோரின் கதையை லக்ரான்சியஸ் என்ற அக்கால எழுத்தாளர் பதிவுசெய்திருக்கிறார். கணவனை இழந்த வலேரியா, மற்றொரு பேரரசனை மணக்க மறுத்தாள். அவன் தாயையும் மகளையும் நாடுகடத்தினான். மகளை அனுப்பிவிடும்படி டயோகிளீசியன் தூதனுப்பிக் கெஞ்சியும் பலனில்லை. தந்தையின் மறைவுக்குப் பின், அடுத்து ஆட்சிக்கு வந்தவனுக்கும் அஞ்சி, ஏழைப் பெண்களின் உடையில் 15 மாதங்கள் ஊர் ஊராக ஒளிந்து திரிந்தார்கள். ஏறத்தாழ 315இல் தெசலோனிக்காவில் பிடித்து, சனக்கூட்டத்தின் முன் தலையை வெட்டி, உடல்களைக் கடலில் எறிந்தார்கள். இத்தனை பெரிய மதில் அந்த இருவருக்கும் உதவவில்லை.

கல்லறை மண்டபத்தின் உட்சுவரில், மிக உயரத்தில், வட்டத்துக்குள் செதுக்கிய ஒரு பெண் முகம் உண்டு. அது பிரிஸ்காவாக இருக்கலாம் என்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் முகம் தெளிவாகத் தெரியாது. கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.