பாதி படித்த தாள்

அக்கா பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார். சொல்தாவாக இருந்து பென்சன் வாங்கிய அத்தான் புற்றுநோயில் படுத்துவிட்டார். மருத்துவமனை கொடுத்த தாள்களை அக்கா மகன் புதுச்சேரிக்கு, என் கைப்பேசிக்கு அனுப்பினான்.

"தம்பி, நீதான் பிரெஞ்சுப் பள்ளியில படிச்சவன். என்ன போட்டிருக்கு?" என்று அக்கா கேட்டார்.

முதல் பக்கத்தில் 'சுவேன் பலியாத்திஃப்' என்று பார்த்ததும், "கடைசிக் கட்டத்துக்கானது அக்கா" என்று சொல்லிவிட்டேன். அக்கா அத்தானை அனுப்ப மறுத்துவிட்டார். பத்து இரவு அத்தான் வலியில் துடித்தார்.

பிறகுதான் மீதிப் பக்கங்களைப் படித்தேன். வலி தணிக்கும் இந்தச் சிகிச்சை அங்கே பல நிலைகளில் கிடைக்கிறது. செவிலியரும் மருந்தும் வீட்டுக்கே வருவது ஒன்று. நிபுணர் குழு நோயாளி இருக்கும் இடத்துக்கு வந்து ஆலோசனை சொல்வது ஒன்று. சாதாரண வார்டிலேயே இதற்கென ஒதுக்கிய படுக்கை ஒன்று. அடங்காத வேதனைக்குத் தனிப் பிரிவு. பார்த்துக்கொள்பவர் களைத்துப்போனால், அவர் ஓய்வுக்காகவும் சில நாள் நோயாளியைச் சேர்த்துக்கொள்வதுண்டு. வலி தணிந்தால் வீடு திரும்பலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தச் சிகிச்சை நோயாளியின் உரிமை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அத்தானைத் தனிப் பிரிவில் சேர்த்தார்கள். மார்ஃபின் அளவைச் சரிசெய்து, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு, வீட்டிலேயே அமைதியாகக் கண்மூடினார்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு தாள் வந்தால், எந்த நிலை, எதற்காக, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலமெல்லாம் அரசாங்கக் கோப்பு படித்த குமாஸ்தா நான். அந்தப் பத்து இரவும் என் கணக்கில்தான்.