வால் கனத்தால் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும்

ரிமோட் விமானத்தில் எனக்குப் பாடம் சொல்லித்தரும் தம்பிக்கு இன்னும் கல்லூரி முடியவில்லை. நானோ கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அவர் என்னை ‘சார்’ என்பார், நான் ‘தம்பி’ என்பேன். ஆனால் வேலை நடக்கும்போது அதட்டுவது அவர்தான்.

ஃபோம் ஷீட்டை வெட்டுவதும் ஒட்டுவதும் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். 5 மில்லிமீட்டர் ஷீட், கட்டர், ஸ்டீல் ஸ்கேல், ஹாட் க்ளூ. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரிமோட் விமானத்தில் பாடம் என்று உட்கார்ந்து கற்க வேண்டியது சி.ஜி. பார்ப்பதைத்தான். மொத்த எடையும் எந்தப் புள்ளியில் சமன்படுகிறதோ, அதுதான் சி.ஜி.

எங்கள் விமானத்துக்கு இறக்கை மேலே இருக்கும். ஒரு மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். அகலத்தை நாலாகப் பிரித்தால் முதல் பங்கு முடியும் இடம், அதாவது முன்விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர், சி.ஜி. வைக்கப் பத்திரமான இடம். தம்பி அங்கே கோடு போட்டதோடு விடவில்லை. ஐஸ் குச்சியில் சின்னச் சில்லு நறுக்கி, இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் அந்தக் கோட்டிலேயே ஒட்டினார். விரல் நுனியில் அது தட்டுப்பட்டால் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. பேட்டரி உட்பட எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களால் அந்த இடத்தில் தாங்கித் தூக்கச் சொன்னார். மூக்கு ஒரு இழை தாழ்ந்து நின்றால் சரி. “இறுக்கிப் பிடிக்காதீங்க சார், விரல் சும்மா இருக்கட்டும். அது என்ன சொல்லுதுன்னு பாருங்க.” இறக்கை கீழே அமைந்த மாடலாக இருந்தால் கவிழ்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டுமாம். நிமிர்த்திப் பிடித்தால் எடை விரலுக்கு மேலே போய், ஆட்டம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

காரணம் கேட்டேன். பறக்கும்போது காற்று மூக்கைத் தூக்கிவிட்டால் அது தானாகத் திரும்பி இறங்க வேண்டும். எடை முன்னால் இருந்தால் இறங்கும். ஓர் எல்லையைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால், தூக்கிய மூக்கு இன்னும் தூக்கிக்கொள்ளும். பிறகு ரிமோட்டில் என்ன செய்தாலும் கை பிந்திவிடும். “மூக்கு கனத்தா எப்படியும் இறங்கிடும் சார். வால் கனத்தா பொறுக்கிட்டுத்தான் வரணும்.” மூக்கு அளவுக்கு மீறிக் கனத்தாலும் தொல்லைதான். மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரை எப்போதும் தூக்கியே வைத்திருக்க வேண்டும், தரையிறங்கும்போது வேகம் குறையாது. ஆனாலும் விமானம் மிஞ்சும்.

ரைட் சகோதரர்களுக்கும் இதே பாடுதான். 1903-ல் பறந்த அவர்களுடைய விமானம் மேலும் கீழும் அலைந்தபடியே போனது. 1904-ல் டேட்டனுக்குப் பக்கத்திலிருந்த மேய்ச்சல் நிலத்தில் சோதித்தபோது, முன்பக்கத்தில் சுமார் 30 கிலோ இரும்பைக் கட்டிப் பறக்க வேண்டியிருந்தது. இதைத் தம்பி சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

ஆனால் இரும்பு கட்டுவது தம்பிக்குப் பிடிக்காது. எடை சேர்த்துச் சமன் செய்வது கடைசி வழி என்பார். எங்கள் விமானத்தில் சி.ஜி.யிலிருந்து வால் 60 சென்டிமீட்டர், மோட்டார் 20 சென்டிமீட்டர். வாலில் வாங்கும் ஒவ்வொரு கிராம் கடனுக்கும் மூக்கில் மூன்று கிராம் கட்ட வேண்டும். கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கேட்பதில்லை. அதனால் வால் பக்கம் போகும் எதுவும் சமையலறைத் தராசில் ஏறிவிட்டுத்தான் போகும். ஹாட் க்ளூவில் பெரிய குச்சி ஒன்று ஏறக்குறைய 20 கிராம், அதை வாலில் தாராளமாக வழியவிட முடியாது. எலிவேட்டரை இழுக்கும் 9 கிராம் சர்வோவை வாலில் வைக்காமல் இறக்கைக்கு அடியில் வைத்தோம். அங்கிருந்து போகும் கம்பிக்கு மூங்கில் குச்சி, இரண்டு நுனியில் மட்டும் எஃகுக் கம்பி. வாலில் பேத்தி ஒட்டிய ஸ்டிக்கர்களைக்கூட உரித்து இறக்கைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். பேத்தி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மிச்சக் கணக்கைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும். மொத்தம் 650 கிராமில் அது மட்டும் 180. வெல்க்ரோவில் அதை 2 சென்டிமீட்டர் நகர்த்தினால் சி.ஜி. அரை சென்டிமீட்டர் நகர்கிறது. பெட்ரோல் இன்ஜின் என்றால் பறக்கப் பறக்க டேங்க் காலியாகி எடை மாறும். பேட்டரி தீர்ந்தாலும் கனம் அப்படியே இருப்பது பெரிய வசதி.

இடவலச் சமநிலை சுலபம். ஒருவர் மூக்கையும் வாலையும் விரலால் தாங்க, தாழாத பக்கத்து இறக்கை நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப்பால் ஒட்டினோம். மூன்று கிராம், தீர்ந்தது.

பிறகு செங்கல்பட்டுப் பக்கம் வற்றிக் கிடந்த ஏரியில் காற்று எழும்பும் முன், மோட்டாரைப் போடாமல் கையால் விட்டுப் பார்த்தோம். நேராகச் சரிந்து போய்ப் புல்லில் உட்கார்ந்தது. குத்தியிருந்தால் மூக்குக் கனம், எகிறி நின்று விழுந்திருந்தால் வால் கனம். மோட்டாரோடு உயரம் ஏறியதும் தம்பி எலிவேட்டரைச் சரிசெய்து மட்டமாகப் பறக்க வைத்தார். அதன்பின் மோட்டாரை அணைத்துச் சரிவாகக் கீழே பாயவிட்டு, எலிவேட்டர் குச்சியை விட்டுவிட்டார். விமானம் தானாகவே வெடுக்கென்று நிமிர்ந்தது. “இன்னும் மூக்கு கனம் சார், பின்னால தள்ளலாம்.”

அவருக்கு 6 சென்டிமீட்டர்தான் பிடிக்கும். அங்கே வைத்தால் குச்சியைத் தொட்டதும் விமானம் கேட்கும், குட்டிக்கரணமும் போடும். எனக்கு அந்தச் சுறுசுறுப்பு வேண்டாம், என் விரலுக்கு 5 போதும். விவாதித்துப் பயனில்லை என்று பேட்டரி அறையில் இரண்டு கோடுகள் போட்டுவிட்டோம், மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில். முன்னால் நீலம் எனக்கு, பின்னால் சிவப்பு அவருக்கு. ரிமோட் கைமாறும்போதெல்லாம் விமானத்தை இறக்கிப் பேட்டரியை நகர்த்த வேண்டியிருக்கிறது.