ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெஞ்சு, கிள்ளானில் ஒரு நாற்காலி

காலை நிகழ்ச்சி நடத்தும் வானொலி அறிவிப்பாளருக்குச் சேர்ந்தாற்போல் பத்து நாள் விடுப்பு கிடைப்பது பெரிய விஷயம். 2025 ஜூனில் எனக்குக் கிடைத்தது. "எங்க போற?" என்று நிலையத்தில் கேட்டவர்களிடம், "இங்கிலாந்துல ஒரு பெஞ்சுல உக்காரப் போறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

அந்தப் பெஞ்சு ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவில் இருக்கிறது. பிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' மூன்று பாகக் கற்பனைக் கதையைப் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். முதல் பாகம் 1995இல் வந்தது, மூன்றாம் பாகம் 2000இல். லைரா என்ற சிறுமியும் வில் என்ற சிறுவனும் வேறு வேறு உலகங்களைச் சேர்ந்தவர்கள். கதை முடியும்போது, உலகங்களுக்கு இடையே உள்ள வாசல்களையெல்லாம் மூடியாக வேண்டும். அதன்பின் இருவரும் சந்திக்கவே முடியாது. ஆனால் இரண்டு உலகத்திலும் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு உண்டு, இரண்டிலும் இதே பூங்காவும் இதே பெஞ்சும் உண்டு. ஆண்டுதோறும் கோடை நடுநாளான ஜூன் 24 அன்று நண்பகலில், அவரவர் உலகத்தில் அவரவர் அந்தப் பெஞ்சில் வந்து உட்காருவது என்று பேசிக்கொள்கிறார்கள்.

பள்ளி நாளில் பெட்டாலிங் ஜெயாவின் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த மூன்று பாகங்களையும் நானும் அக்காவும் வாங்கினோம். ஆளுக்கொரு பிரதி வாங்க அப்பாவிடம் காசு கேட்க முடியாது. ஒரே பிரதியில் இரண்டு பஸ் டிக்கெட்டுகளை அடையாளம் வைத்துப் படித்தோம். அக்கா வேகமாகப் படிப்பாள். மூன்றாம் பாகம் முடிந்த இரவு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். முடிவை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. "ஒருநாள் ரெண்டு பேரும் அங்க போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஆண்டு டிக்கெட் எடுத்தது இருவருக்கும்தான். மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அக்கா தன் டிக்கெட்டை ரத்து செய்தாள். நானும் ரத்து செய்யப் போனபோது தடுத்துவிட்டாள். "நீ போ. அங்க பன்னிரண்டு மணின்னா இங்க ராத்திரி ஏழு. நான் அஞ்சடியில நாற்காலி போட்டு உக்காந்துக்கிறேன்."

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். கையில் அக்கா கொடுத்தனுப்பிய சிவப்புத் துணி அட்டை போட்ட சின்னப் புத்தகம், 'லைராஸ் ஆக்ஸ்ஃபோர்டு'. 2003இல் வந்தது. ஜான் லாரன்ஸ் மரச்செதுக்குப் படங்கள் செய்த அந்தப் புத்தகத்தில் மடித்து வைத்த ஒரு வரைபடம் உண்டு. அது லைராவின் உலகத்து ஆக்ஸ்ஃபோர்டின் வரைபடம். அதை வைத்துக்கொண்டு உண்மையான ஊரில் வழி தேடினால் என்ன ஆகும்? இரண்டு முறை வழி தவறினேன். எனக்கு வருத்தமே இல்லை.

டர்ல் வீதியில் எக்ஸிட்டர் கல்லூரி இருக்கிறது. புல்மன் படித்த கல்லூரி, அவருக்கு முன் டோல்கீன் படித்ததும் அங்கேதான். லைரா கூரை மேல் ஓடி விளையாடும் ஜோர்டன் கல்லூரி இதைப் பார்த்து எழுதப்பட்டதுதான். பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தின் மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிப் பேழைகளுக்கு நடுவே, துளையிட்ட மண்டை ஓடுகளைத் தேடிப் பார்த்தேன். இரண்டாம் பாகத்தில் லைரா நின்று பார்த்த இடம் அது.

மறுநாள் மாடுகளும் குதிரைகளும் மேயும் போர்ட் மெடோ புல்வெளியைக் கடந்து காட்ஸ்டோ வரை நடந்தேன். ஆற்றங்கரையில் 'த டிரவுட்' என்ற பழைய விடுதி, எதிர்க்கரைப் பக்கம் இடிந்து கிடக்கும் கன்னிமாடத்தின் சுவர்கள். 2017இல் வந்த 'லா பெல் சாவேஜ்' தொடங்குவது இங்கேதான். விடுதிக்காரரின் பதினொரு வயது மகன் மால்கம், குழந்தை லைராவைத் தன் சின்னப் படகில் ஏற்றி வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவான். அந்தப் புத்தகத்தின் அட்டையில் கிறிஸ் வார்மெல், அலைகளுக்கு நடுவே அந்தப் படகைத் தீட்டியிருப்பார். அமைதியான இந்த ஆற்றைப் பார்த்த பிறகுதான், அந்தப் படத்தில் எத்தனை பயம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. மாட்லின் கல்லூரிக் கோபுரத்துக்கு எதிரே பூங்கா. 1621இல் தொடங்கியது, பிரிட்டனிலேயே மிகப் பழைய தாவரவியல் பூங்கா இதுதான். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கடைசிவரை நடக்க வேண்டும். பெஞ்சு சாதாரண மர பெஞ்சுதான். மரத்தில் 'லைரா', 'வில்' என்று யார் யாரோ கீறிய பெயர்கள். லைராவின் உலகில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் ஒரு விலங்காகக் கூடவே வரும். அதற்கு டீமன் என்று பெயர். லைராவின் டீமனுக்கும் வில்லின் டீமனுக்கும் 2019இல் பெஞ்சுக்குப் பின்னால் சிலை வைத்திருக்கிறார்கள்.

பதினொன்றரைக்கே அங்கே சிலர் காத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு தாயும் மகளும், முதுகுப்பையுடன் இரண்டு மாணவிகள். பத்து நிமிடத்தில் எல்லாரும் பழகிவிட்டோம். பேச்சு ஒன்றே ஒன்றைப் பற்றித்தான்: 'த ரோஸ் ஃபீல்ட்'. லைராவின் கதையை முடித்து வைக்கும் கடைசிப் புத்தகம். 2025 அக்டோபர் 23இல் வெளிவர இருந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு புல்மனுக்கு 79 வயது நிறைய இருந்தது. முந்தைய பாகமான 'த சீக்ரெட் காமன்வெல்த்' 2019இல் வந்து பாதியில் நின்றது போல் முடிந்தது. ஆறு ஆண்டுக் காத்திருப்பு.

மகள் கைத்தொலைபேசியில் புது அட்டைப்படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தாள். இதற்கும் வார்மெல்தான் ஓவியர் என்பதில் தாய்க்கு நிம்மதி. "அலமாரியில் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. புத்தகத்தின் பெயரும் அட்டையும் அறிவிக்கப்பட்ட இரவில், மருத்துவமனையில் அப்பாவின் கட்டிலருகே இருந்து அக்கா எனக்கு அனுப்பிய செய்தியும் ஏறக்குறைய இதுதான்: "அப்பா தூங்கிட்டார். அட்டையப் பாரு."

முந்தைய பாகத்தைப் பற்றி அங்கே ஒற்றுமை இல்லை. இருபது வயது லைரா தன் டீமனோடு சண்டை போட்டுப் பிரிகிறாள். குழந்தையாக அவளைக் காப்பாற்றி, பின்பு அவளுக்கே பாடம் நடத்திய மால்கமுக்கு அவள் மேல் காதல் வருகிறது. மாணவிகள் இருவருக்கும் அது பிடிக்கவே இல்லை. எனக்கும்தான். அக்கா மட்டும், "வளர்ந்தா எல்லாரும் தன்னோடயே சண்டை போடறவங்கதான்டி" என்பாள்.

பிறகு மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "கடைசிப் புத்தகத்தில் வில் வருவானா?"

வர வேண்டும் என்று நான் உடனே சொன்னேன். ஆசிரியர் தலையை அசைத்தார். "அவன் வந்துவிட்டால் இந்தப் பெஞ்சு எதற்கு?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாக அந்த இருவரும் சேர வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். ஆனால் அவர்கள் சேர்ந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். எழுத்தாளர் நமக்காக முடிவை மாற்றித் தர வேண்டும் என்று கேட்கும்போது, நம்மை அழ வைத்ததையே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறோமோ?

மணி பன்னிரண்டு அடித்தது. பெஞ்சில் ஒவ்வொருவராக உட்கார இடம் கொடுத்தார்கள். என் முறை வந்ததும் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டேன். பேசக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். தினமும் காலையில் மூடிய அறைக்குள் உட்கார்ந்து, முகம் தெரியாத நேயர்களிடம் பேசுகிறவள் நான். அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் பிழைப்பு ஓடுகிறது. இங்கே பேச்சும் இல்லை. கிள்ளானில் இருட்டிக்கொண்டிருக்கும், பக்கத்து வீட்டுச் சாமி அறையில் விளக்கு எரியும், கொசுவர்த்தி ஏற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம். எழுந்து இடம் விட்டேன்.

வெளியே வந்து பார்த்தபோது அக்காவிடமிருந்து படம் வந்திருந்தது. அஞ்சடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் அப்பா, கைத்தடியைப் பிடித்தபடி. கீழே அவள் எழுதியிருந்தாள்: "எதுக்குன்னு கேட்டாரு. சொன்னேன். நானும் உக்காரேன்னாரு."

அன்று மாலை பிராட் வீதிக்கு நடந்தேன். 1879இல் தொடங்கிய பிளாக்வெல்ஸ் புத்தகக் கடை அங்கே இருக்கிறது. 'த ரோஸ் ஃபீல்ட்' புத்தகத்துக்கு முன்பதிவு செய்தேன். இப்போது இருவருக்கும் சம்பளம் வருகிறது, ஆளுக்கொன்று வாங்கலாம். ஆனாலும் ஒரு பிரதிக்குத்தான் பணம் கட்டினேன். பஸ் டிக்கெட் இரண்டு தேடி வைக்க வேண்டும்.