கேட்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளை

கடல் கடந்த மடல் – ரொறன்ரோவிலிருந்து

ஸ்காபரோவின் ஆரம்பப் பாடசாலைகளில் இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தால், பலகைக்குப் பக்கத்தில் ஒரு படவரிசையைப் பார்க்கலாம். புத்தகம், எண்கள், சாப்பாட்டுப் பெட்டி, பந்து என்று அன்றைய நேரசூசி முழுவதும் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும். ஒரு பாடம் முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை எழுந்துபோய் அந்தப் படத்தைப் பிய்த்துக் கீழே தொங்கும் உறைக்குள் போடும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் பதறிப்போகிற, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து வந்த ஏற்பாடு இது. ஆனால் தூக்கக் கலக்கத்தோடு வருகிற அத்தனை பேரும் அதைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். சில கதிரைகளின் முன்கால்களுக்குக் குறுக்கே தடித்த ரப்பர் பட்டி கட்டியிருக்கும். காலை ஆட்டாமல் இருக்கமுடியாதவன் அதை உதைத்துக்கொண்டே கணக்குச் செய்வான். சத்தம் தாங்காதவருக்குக் காதுக்கவசம். எழுத்து வசப்படாதவருக்கு, பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டும் கணினி.

சிலருக்குக் கட்டாயம் தேவைப்படுவது எல்லோருக்கும் உதவும் என்ற எண்ணத்தை ஒன்ராறியோ கல்வி அமைச்சு நியமித்த வல்லுநர் குழு ஒன்று 2005-இலேயே எழுதிவைத்தது. ரப்பர் பட்டிக்குப் பெரிய செலவில்லை. செலவு ஆட்களில்தான். முதல் மூன்று வகுப்புகளில் ஒரு வகுப்புக்கு 23 பிள்ளைகளுக்கு மேல் கூடாது, 90 வீதமான வகுப்புகளில் 20-க்கு மேல் போகக்கூடாது என்பது மாகாணத்தின் விதி. அந்த இருபது பேருக்குள் ஆங்கிலம் புதிதாய்க் கேட்கிறவர், எழுத்துகள் பிடிபடாதவர், கோபம் வந்தால் மேசைக்கடியில் போய் ஒளிகிறவர், மூன்றாம் வகுப்புக் கணக்கை இப்போதே முடித்துவிட்டுக் கொட்டாவி விடுகிறவர் எல்லோரும் இருப்பார்கள். ஈ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி உதவியாளர் வகுப்புக்கு ஒருவர் என்று கிடைப்பதில்லை. காலையில் இங்கே, மத்தியானம் இன்னொரு வகுப்பில் என்று ஒரே ஆள் ஓடவேண்டியிருக்கும்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1980-இல் மாகாண சட்டசபையில் நிறைவேறிய 'பில் 82', விசேட உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பது ஒவ்வொரு கல்விச்சபையின் கடமை என்று ஆக்கியது. 1985-க்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் கொடுப்பதும் விடுவதும் கல்விச்சபையின் விருப்பம். இன்று ஐ.பி.ஆர்.சி. என்ற குழு, குறைந்தது மூன்று பேரோடு, பிள்ளையின் தேவை என்ன, எந்த வகுப்பில் இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை மீளாய்வும் உண்டு. நடத்தை, தொடர்பாடல், அறிவாற்றல், உடல் என்ற பிரிவுகளோடு, ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருந்தால் ஐந்தாவதாக ஒன்று. 'கிஃப்டட்' என்று நம்மவர் பெருமையோடு சொல்லும் மீத்திறன் பிள்ளைகளும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகிறார்கள். அதற்கு மட்டும் ஐ.பி.ஆர்.சி. கூட்டத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகாத குறை!

குழு கூடிய பிறகு, சில வேளைகளில் கூடாமலேயே, ஐ.ஈ.பி. என்ற தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படும். வீட்டுக்கு வரும் அந்தத் தாளில் பெற்றோர் கண் வைக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அக்கொமடேஷனா, மொடிஃபிகேஷனா? நான்காம் வகுப்பில் பின்னக் கணக்கு ஒன்று. வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கேள்வியை யாராவது வாசித்துச் சொன்னால், விடையை வாயால் சொல்லவிட்டால், கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுத்தால், அது அக்கொமடேஷன். பிள்ளை படிப்பது நான்காம் வகுப்புப் பாடம்தான். கேள்வியையே இரண்டாம் வகுப்புக்கு இறக்கிவிட்டால் மொடிஃபிகேஷன். சில பிள்ளைகளுக்கு அதுதான் நியாயம். ஆனால் வாசிப்பில் மட்டும் சிக்கல் உள்ள ஒரு பிள்ளைக்குக் கணக்கிலும் பாடத்தை இறக்கிவிட்டால், இரண்டு வருடத்தில் கணக்கிலும் உண்மையாகவே பின்தங்கிவிடும். இந்தத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கிற தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர்.

காரணம் அறியாமை மட்டும் இல்லை. கூட்டத்துக்கு வருகிற தகப்பன் முதலில் கேட்பது, "இது பதிவில போனா, பிறகு யூனிவேசிட்டிக்குப் பிரச்சினை வருமோ?" வீட்டில் அம்மம்மாவின் தீர்ப்பு வேறு: "அவன்ரை தகப்பனும் எட்டு வயது மட்டும் வாசிக்கேல்லை. இப்ப நல்லாத்தானே இருக்கிறான்." எழுத்தை வாசிக்கவிடாமல் தடுமாறவைக்கும் டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வருவது என்பதை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள், அம்மம்மா சொன்னது சமாதானமாக இருந்தாலும் ஆசிரியைக்கு அது முக்கியமான துப்பு. பல்கலைக்கழகக் கவலையும் வேண்டாதது. இங்குள்ள பல்கலைக்கழகங்களில் இதே வசதிகளைத் தொடர்ந்து கொடுக்கவே தனி அலுவலகம் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கே உரியது. வாசிக்கவில்லை என்றால் காரணம் ஆங்கிலமா, வேறெதுவுமா? ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ் 1980-களில் கனடாவின் பெரிய கல்விச்சபை ஒன்றில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உளவியல் பரிசோதனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். விளையாட்டிடத்தில் சரளமாக ஆங்கிலம் பேசிய பிள்ளைகளை, மொழி வந்துவிட்டது என்று எண்ணி ஆங்கிலத்திலேயே சோதித்து, குறைந்த புள்ளியைக் கண்டதும் அறிவுக்குறை என்று எழுதியிருந்தார்கள். பேச்சு ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி வந்துசேர ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும் என்று அவர் காட்டினார். நல்ல பாடம். ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்ட பாடசாலைகளும் உண்டு. "ஆங்கிலம் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று மூன்று வருடம் தள்ளிப்போடுவது. வீட்டிலே தமிழில் 'படம்' என்ற சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்டால் முழிக்கிற பிள்ளைக்குச் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஏழு வருடம் தேவையும் இல்லை.

காத்திருந்து பார்க்கலாம் என்ற பழக்கத்துக்கு அடி கொடுத்தவர்களில் ஒருவர் ஜெஃப்ரி மோர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வட வான்கூவரில் படித்த, கடுமையான டிஸ்லெக்சியா உள்ள பையன். அவனுக்கு வேண்டிய தீவிரப் பயிற்சியைத் தந்திருக்கக்கூடிய நிலையத்தை 1994-இல் கல்விச்சபை காசில்லை என்று மூடிவிட்டது. தகப்பன் தனியார் பாடசாலைக்குக் காசு கட்டிக்கொண்டே வழக்காடினார். 2012 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி றொசலி அபெல்லா, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விசேட கல்வியை, கட்டிடத்துக்குள் நுழைய உதவும் சாய்தளத்துக்கு ஒப்பிட்டார். அது ஆடம்பரம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அப்போது ஜெஃப்ரிக்கு இருபத்தைந்து வயது. குழாய் வேலை செய்துகொண்டிருந்தார்.

அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2019 அக்டோபரில் ஒரு பொது விசாரணையைத் தொடங்கியது. 'வாசிக்கும் உரிமை' என்ற அதன் அறிக்கை 2022 பெப்ரவரியில் 157 பரிந்துரைகளோடு வெளிவந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது பிள்ளைகளோ பெற்றோரோ இல்லை, கற்பித்தல் முறையே. படத்தைப் பார், வசனத்தின் பொருளைப் பார், முதல் எழுத்தைப் பார், ஊகித்துச் சொல் என்பதுதான் வகுப்பறைகளில் நடந்துகொண்டிருந்தது. படத்தில் ஒரு குதிரை. கீழே எழுதியிருப்பது 'போனி'. பிள்ளை 'ஹோர்ஸ்' என்கிறது. பொருள் பொருந்துகிறதே என்று ஆசிரியை தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறார். ஞாபகசக்தி உள்ள பிள்ளை இப்படியே இரண்டாம் வகுப்பு மட்டும் ஒப்பேற்றிவிடும். நான்காம் வகுப்பில் படங்கள் மறைந்ததும் குட்டு வெளிப்படும்.

2023 செப்டம்பரில் மொழிப் பாடத்திட்டம் மாறியது. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, ஒழுங்காக, நேரடியாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. சீனியர் கிண்டர்கார்டன் தொடக்கம் இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்பு ஸ்கிரீனிங் கட்டாயம். பார்ப்பதற்கு விளையாட்டுப் போலத்தான் இருக்கும். 'ஸ்மைல்' என்ற சொல்லில் 'ஸ்' போனால் என்ன? 'மைல்'. பிறகு ஒரு தாளில் 'மிப்', 'வொஸ்' என்று பொருளில்லாத சொற்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை வாசிக்கமுடிகிறது? பொருளே இல்லாததால் ஊகிக்க வழியில்லை. எழுத்தை ஒலியாக்கத் தெரிகிறதா இல்லையா என்பது சட்டென்று தெரிந்துவிடும். முடிவைப் பெற்றோருக்கும் அறிவிக்கவேண்டும்.

இந்த மாற்றத்தின் பெறுமதி, பெயர் சூட்டுவதற்கு முன்னரே உதவி தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. இதுவரை நடந்தது வேறு. உளவியலாளரின் முழுப் பரிசோதனைக்குப் பாடசாலையில் நீண்ட வரிசை. தனியாரிடம் போனால் சில ஆயிரம் டொலர். வசதியான பேட்டையில் பெற்றோர் காசைக் கட்டி அறிக்கையோடு வந்து மேசையில் வைத்தார்கள். ஸ்காபரோவின் மோர்ணிங்சைட் பக்கத்துத் தொழிற்சாலையில் இரவுவேலை செய்கிற தாய்க்கு அப்படியொரு அறிக்கை இருக்கிறது என்பதே தெரியாது. கேட்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. மற்றப் பிள்ளை 'சோம்பேறி' என்ற பெயரோடு மேல்வகுப்புக்குப் போனது. எல்லோரையும் பார்க்கும் ஒரு நிமிடப் பரிசோதனை அந்த வித்தியாசத்தைக் கொஞ்சமாவது குறைக்கிறது. கண்டுபிடித்த பிறகு சின்னக் குழுவாக வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பது அடுத்த வழக்கு. அதில் மாகாணத்தின் கை இன்னும் இறுக்கம்தான்.

2023-க்கு முன்னரே இரண்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் இந்த வலையில் விழமாட்டார்கள். அவர்களுக்குப் பழைய வழிதான். ஐ.பி.ஆர்.சி. கூட்டும்படி அதிபருக்குப் பெற்றோர் எழுத்தில் கேட்கலாம். கேட்டால் மறுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கூட்டம் ஏறக்குறைய எப்போது நடக்கும் என்று 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். கூட்டத்துக்குத் தெரிந்தவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், முடிவு பிடிக்காவிட்டால் மேன்முறையீடும் செய்யலாம். வாசலில் ஆசிரியையிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அந்த 15 நாள் கணக்குத் தொடங்காது. இரண்டு வரி போதும். திகதி போட்டு, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும்.