மூன்றாவது நெரை

மூவாரிலிருந்து பாகோ போகிற பாதையில் புக்கிட் பாசிரைத் தாண்டினால் கடைகள் குறைந்து இரண்டு பக்கமும் செம்பனைதான். அதற்குள் இருக்கிற ஒரு தோட்டத்துக்குப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டிக்கு 82 வயது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் அங்கேதான். "ஒரு தடவ காட்டிட்டு வந்துடுய்யா, போதும்" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் கண்ணாடியை இறக்கினால் ஒரு சத்தமும் இல்லை. ஸ்பெயின் நாட்டுப்புறத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் இந்த மாதிரி அமைதியைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள். கல் வீடு, மூடிய கதவு, திண்ணையில் ஒரு பூனை. ஆனால் செர்கியோ தெல் மொலினோ என்ற ஸ்பானிய எழுத்தாளர் 2016இல் அந்தக் கிராமங்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர் 'வெறுமையான ஸ்பெயின்'. போன நூற்றாண்டில் சனங்கள் மத்ரித்துக்கும் பார்சலோனாவுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். போனவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். லயத்து வீட்டுக்கு ஏது சாவி? வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போச்சு.

ரப்பர் மரத்துக்கு விடியும் முன்னே ஆள் வேண்டும். ஓர் ஆளுக்குச் சுமார் 500 மரம். பெரட்டு, மங்கு, காண்டாவாளி, ஆயாக்கொட்டாய் என்று ஓர் ஊரே அந்தக் கணக்கைச் சுற்றித்தான் எழுந்தது. செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். மரம் மாறியதும் ஆள் குறைந்தது. பொறியியல் படித்தவன் கண்ணுக்கு இந்தக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. அதுதான் எரிச்சல். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்களின் சந்தாப் பணத்திலேயே தோட்டங்களை வாங்கவும் செய்தார்கள். பாட்டியின் தோட்டம் அதில் இல்லை.

லயம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது. மாரியம்மன் கோயிலுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஸ்கூடாயிலிருந்தும் பாசிர் கூடாங்கிலிருந்தும் சனம் வருமாம். பாட்டி கோயிலில் அதிக நேரம் நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு செம்பனைக்குள் இறங்கினார்.

"ஓடைக்கு மேல, மூனாவது நெரை."

1966இல் எட்டு மாதப் பிள்ளையை அங்கே புதைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

ரப்பர் நெரைக்கும் செம்பனை நெரைக்கும் சம்பந்தமே இல்லை. செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். ஓடையும் இப்போது நேராக வெட்டிவிட்ட வாய்க்கால். பாட்டி எண்ணுவார், நிற்பார், திரும்பி வந்து முதலிலிருந்து எண்ணுவார். மூன்று தடவை அப்படி. கடைசியில் ஒரு மரத்தடியில் நின்று "இங்கனதான்" என்றார். அது அந்த இடமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை.

குலை ஏற்றிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். பாட்டி குடித்துவிட்டு, பிள்ளை எத்தனை என்று மலாயில் விசாரித்தார். "சத்து" என்று ஒரு விரலைக் காட்டினான். கைப்பேசியை எடுத்துப் படம் காட்டினான். பாட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, அதை நெடுநேரம் பார்த்தார்.