எங்கள் வீட்டு இரவு ஜெபம்



கிறிஸ்தவப் பெற்றோர் சிலர், பிள்ளைகளுக்கு வீட்டில் ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று என்னிடம் வினவியதுண்டு. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி உண்டு. சமயத்தைக் கற்பிப்பது இல்லத்தின் பொறுப்பே. நான் போதகன் அல்லேன். எங்கள் இல்லத்தில் நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

இரவு உணவுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அனைவரும் பாயில் அமர்வோம். ஒரு பாடல், சில வசனங்கள், பிறகு ஒவ்வொருவராக ஜெபம். பதினைந்து நிமிடங்களுக்குமேல் நீட்டுவதில்லை. நீண்ட ஜெபத்தில் பிள்ளைகள் உறங்கிவிடுவர், பெரியவர்களும்தான்!

அம்மாவிடம் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம். ‘பிதா’, ‘பரமண்டலம்’ என்பனவே அவருக்குப் பழக்கம். பிள்ளைகள் வாசிப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியம். அதில் ‘தந்தை’, ‘விண்ணுலகு’. ‘சோதனை’ என்னும் சொல்லோ இரண்டிலும் உண்டு. நான்காம் ஆண்டில் பயிலும் என் மகளுக்குச் சோதனை என்றால் பள்ளிச் சோதனைதான். இயேசு கற்பித்த ஜெபத்தை நாள்தோறும் சொன்னால் கணிதச் சோதனை வராதா என்று கேட்டாள்! பாலைநிலத்தில் இயேசு சோதிக்கப்பட்டதைக் கூறும் மத்தேயு நான்காம் அதிகாரத்தை அன்று வாசித்தோம்.

ஜெபிக்கும் பிள்ளையின் லகர, ழகரப் பிழைகளை நான் திருத்துவதில்லை. அது வகுப்பறை வேலை. ‘ஆண்டவரே, இவன் வீட்டுப்பாடம் செய்வதில்லை’ என்று பிள்ளையின் குறைகளை ஜெபமாக ஒப்புவிக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அது கண்டிப்பே தவிர ஜெபமன்று.

சென்ற ஆண்டு என் தந்தையார் நோயுற்றிருந்தபோது, தாத்தா எழுந்து நடக்க வேண்டும் என்று மகள் ஒவ்வோர் இரவும் வேண்டினாள். தந்தையார் காலமானார். அடக்க ஆராதனைக்கு மறுநாள் இரவு அவள் முறை வந்தபோது, “நான்தான் கேட்டேனே, அப்பா” என்றாள். அதற்குமேல் பேசவில்லை. எல்லாம் தேவசித்தம் என்று விளக்க முற்பட்ட உறவினரை நான் தடுத்துவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்விடை கதவைச் சாத்துவது போன்றது. பதின்மூன்றாம் திருப்பாடலை எடுத்து வாசித்தேன் (அம்மாவுக்கு அது சங்கீதம்). கடவுள் தம்மை மறந்துவிட்டாரோ என்னும் கேள்வியோடு தொடங்கும் பாடல் அது. அப்படிக் கேட்பதும் ஜெபமே என்று மட்டும் கூறினேன்.

அதன் பின் அவள் முறை வரும்போதெல்லாம் சற்று நேரம் அமைதியாகக் காத்திருந்துவிட்டு அடுத்தவர் தொடர்வோம். வற்புறுத்தவில்லை. மூன்றாம் வாரம் ஓரிரவில், “ஆண்டவரே, பாட்டி அறையில் தனியாகப் படுக்கிறார்” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. ஜெபம் முடிந்ததும் தன் தலையணையை எடுத்துக்கொண்டு பாட்டியின் அறைக்குச் சென்றுவிட்டாள்.